அளவெடுத்த கோல்

ஆடி மாதம் வந்தால் ஜவுளிக் கடைக்காரருக்கு உற்சாகம் பிறப்பதுபோல், ஜனவரி மாதம் வந்தால் கோல்ப் மட்டை செய்கிறவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். அமெரிக்காவில், பிளாரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரில், அந்த மாதத்தில்தான் கோல்ப் வியாபாரிகளின் பெரிய பொருட்காட்சி கூடுகிறது. அதை ஒட்டி டெய்லர்மேட், காலவே, பிங், கோப்ரா முதலிய கம்பெனிகள் புது மட்டைகளைக் கடைக்கு அனுப்பிவிடுகின்றன. சென்ற வருஷத்து மட்டையைக் காட்டிலும் இந்த வருஷத்து மட்டை பந்தைப் பத்துக் கஜம் கூடுதலாகக் கொண்டுபோகும் என்று விளம்பரம் பேசும். அதற்கு முந்திய வருஷமும் அதையேதான் பேசிற்று. முப்பது வருஷத்து விளம்பரங்களை நம்பிக் கூட்டிப் பாருங்கள்: முந்நூறு கஜம் கூடியிருக்கவேண்டும். அப்படியானால் ஊட்டியில் அடித்த பந்தைத் தேடிக்கொண்டு குன்னூருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான்!

"நமக்கும் கோல்ப்புக்கும் என்ன சம்பந்தம்? அது பெரிய மனிதர்கள் சங்கதி" என்று வாசகிகள் பக்கத்தைத் திருப்பிவிடவேண்டாம். கோடைக்கானலில் கோல்ப் கிளப் தோன்றியது 1895-இல். ஊட்டியிலும் வெலிங்டனிலும் கோயமுத்தூரிலும் மைதானங்கள் இருக்கின்றன. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கே மைதானத்துக்குப் போகிற பெண்மணி ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சாமான்களைப் பார்ப்போம்.

ஒரு பையில் பதினாலு மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். 1938-இல் அமெரிக்க கோல்ப் சங்கம் அதை விதித்தது. அதற்கு முன் சிலர் இருபது, இருபத்தைந்து என்று சுமக்க வைத்தார்கள். சுமந்தவர்கள் ஆடியவர்கள் அல்ல, கூடப் போன கேடிப் பையன்கள்தான்! பதினாலும் எதற்கு என்று கேட்டால், நம் சமையலறையை நினைத்துக்கொண்டால் போதும். சாதக் கரண்டியால் தோசை திருப்ப முடியுமா? ஜல்லிக் கரண்டியால் ரசம் பரிமாற முடியுமா? அதுபோல, நெடுந்தூரம் விரட்டுவதற்கு டிரைவர். நடுத்தரத் தூரத்துக்கு அயர்ன் வரிசை. மணல் குழியிலிருந்து கிளப்பிவிட வெட்ஜ். குழிக்கு அருகே புல்லை மழித்த தரையில் உருட்டிவிடப் புட்டர். அந்தக் காலத்தில் இவற்றில் ஒன்றுக்கு 'ஸ்பூன்' என்றே பெயர் இருந்தது.

விளம்பரம் முழுவதும் டிரைவரைச் சுற்றித்தான். அது ஒரு காலத்தில் பெர்ஸிம்மன் என்ற மரத்துண்டு. 1979-இல் டெய்லர்மேட் கம்பெனி அதை எஃகில் செய்தது. 'இரும்பில் செய்து அதற்கு மரமட்டை என்று பெயரா?' என்று சிரித்தவர்கள் உண்டு. 1991-இல் காலவே கம்பெனியின் 'பிக் பெர்த்தா' வந்தது, தலை பெரிதாயிற்று. பிறகு டைட்டானியம், 2022-இல் முகத்துக்கே கார்பன் என்று போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, முகத் தகட்டுக்கு இவ்வளவுதான் ஸ்பிரிங் இருக்கலாம் என்று இருபது வருஷங்களுக்கு முன்பே சட்டம் வேலி போட்டுவிட்டது. எல்லாக் கம்பெனிகளும் அந்த வேலியைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. பிறகு புதுசு எங்கே இருந்து வரும்?

வருகிறது, வேறு வழியாக. 2024-இல் பிங்கும் டெய்லர்மேட்டும் 'பத்தாயிரம்' என்ற எண்ணைத் தம்பட்டம் அடித்தன. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது கையில் நீளக் கம்பு வைத்திருக்கிறானே, எதற்கு? பாரம் இரண்டு நுனிகளிலும் தள்ளி இருந்தால் லேசில் சுழலாது. அதே தத்துவம்தான். மட்டைத் தலையின் பாரத்தை ஓரத்துக்கும் பின்னாலும் தள்ளிவிட்டால், நடுவில் படாமல் ஓரத்தில் பந்து பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது. பக்கவாட்டிலும் மேலும் கீழும் முறுக்கை எதிர்க்கும் பலத்தைச் சேர்த்துக் கூட்டினால் வருகிற எண்தான் அந்தப் பத்தாயிரம். நன்றாக அடித்த அடி இதனால் இன்னும் நன்றாகிவிடாது. மோசமான அடி கொஞ்சம் குறைவாக மோசமாகும். நேர்மையாகச் சொன்னால் சமீப காலத்து முன்னேற்றம் இவ்வளவுதான். வாரம் ஒரு நாள் ஆடுகிறவர்களுக்கு இது சின்ன உபகாரமும் இல்லை.

ஸ்பிரிங் என்றேனே, அதைப் பற்றி ஒரு வேடிக்கை. 2025 மே மாதம் வட கரோலினாவில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டி. அதற்கு முந்திய மாதம்தான் ரோரி மாக்கில்ராய் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் பெற்றவர் என்ற புகழை அடைந்திருந்தார். போட்டிக்கு முன் சோதித்ததில் அவருடைய டிரைவர் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்! ஸ்காட்டி ஷெப்லருடையதும் அப்படியே. யாரும் கள்ளத்தனம் செய்யவில்லை. அடிபட்டு அடிபட்டு முகத் தகடு இளகிப்போய், அனுமதித்த அளவுக்கு மேல் ஸ்பிரிங் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நம் வீட்டுத் தோசைக்கல் பழகப் பழகத்தானே நன்றாக வார்க்கிறது? அங்கே பழகின கல்லைத்தான் தூக்கி எறியச் சொல்கிறார்கள். ஷெப்லர் வேறு டிரைவரை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பட்டத்தையே ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

பெரிய தலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக 'மினி டிரைவர்' என்று ஒன்றை டெய்லர்மேட் 2023-இலும் காலவே 2024-இலும் கொண்டுவந்தன. சின்னத் தலை, கொஞ்சம் குட்டையான கோல். முப்பது வருஷத்துக்கு முன் டிரைவர்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தன. பழைய வளையல் மாடலைப் புது மோஸ்தர் என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் கலை நகைக் கடைக்காரருக்கு மட்டும் சொந்தம் அல்ல.

இப்போது எங்கள் அக்காவிடம் வருகிறேன். பெரியப்பாவின் மகள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவள். வயது ஐம்பத்திரண்டு. உயரம் சரியாக ஐந்து அடி. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். அத்தான் கோல்ப் ஆடுகிறவர். அவரோடு மைதானத்தில் நடக்க ஆரம்பித்தாள். நடக்கிறவள் சும்மா நடப்பாளா? ஒரு நாள் மட்டையைக் கையில் வாங்கினாள். அத்தான் பெருந்தன்மையாகத் தம்முடைய பழைய ஸெட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம்.

மூன்று வருஷம் அந்த ஸெட்டோடு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அயர்ன் மட்டையால் எப்படி அடித்தாலும் பந்து இடது பக்கமே போகும். சொல்லிக்கொடுக்க வந்தவர், "தலையைத் தூக்கறீங்கம்மா" என்பார். அத்தான், "தோளைத் திருப்ப மாட்டேங்கிறே. பிடிவாதம்" என்பார். அத்தானுடைய சிநேகிதர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி செய்தாள். முழங்கையில் வலி கண்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடியும் போனாள். பந்து மறுபடியும் இடது பக்கம்.

சரி, சொந்தமாக ஒரு ஸெட் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனாள். டிரைவர்கள் ஆண்களுக்கு முப்பது வகை இருந்தனவாம். பெண்களுக்கு என்று மூலையில் ஒரே ஒரு ஸெட், ரோஸ் நிறம். "லேடீஸ் ஸெட்டுங்க, எல்லாருக்கும் பொருந்தும்" என்றானாம் கடைப் பையன். ரவிக்கைகூட எல்லாருக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா? அக்கா திரும்பிவிட்டாள். அன்றிரவு எனக்கு டெலிபோன் செய்தாள்.

"அம்மிணி, நீ பத்திரிகைக்காரிதானே? டெய்லர்மேட்னு ஒரு கம்பெனி இருக்குதே, அங்கெ அளவெடுத்துத் தச்சுக் குடுப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெயருக்கும் தையற்காரருக்கும் எழுத்திலேயே வித்தியாசம் உண்டு. ஆனால் அவள் கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. மட்டையை ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்துக் கொடுக்கிற வழக்கம் வெளிநாடுகளில் நன்றாகப் பரவியிருக்கிறது. நம் நாட்டிலும் பெரிய ஊர்களில் செய்கிறார்கள். பெங்களூரில் அப்படி ஓர் இடத்தை விசாரித்து வைத்தேன். அக்கா தன் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டாள். "எதுக்கு? ஸெட்டுத்தான் இருக்குதே!" என்றார் அத்தான். "அது உங்க ஸெட்டுங்க" என்றாள் அக்கா. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு சுருக்கமாக அவள் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அளவெடுத்த இளைஞன் ஓசூர்ப் பையன். முதலில் அக்காவை நேரே நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்தான். விரல் நீளம் பார்த்தான். பிறகு ஒரு காரியம் செய்தான். இதை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். பந்தின்மேல் மார்க்கர் பேனாவால் தடிப்பாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக மட்டையைப் பார்க்கும்படி பந்தை வைத்தான். "அடிங்கக்கா" என்றான். அடித்ததும் அந்தக் கோட்டின் மசி மட்டை முகத்தில் ஒட்டிக்கொண்டது. மட்டை ஆளுக்குப் பொருந்தினால் கோடு நேராக இருக்கும். அக்காவின் மட்டையில் கோடு சாய்ந்து கிடந்தது. நாலு தடவை அடித்தாள். நாலு தடவையும் ஒரே சாய்வு.

விஷயம் இதுதான். கோல் நீளமாக இருந்தால், குட்டையானவர்கள் பிடிக்கும்போது மட்டையின் மூக்கு நுனி தரையைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளும். அயர்ன் முகம் ஏற்கெனவே பின்னால் சாய்ந்தது. நுனி தூக்கினால் அந்தச் சாய்ந்த முகம் இடது பக்கம் பார்க்கும். பந்து முகம் பார்த்த பக்கம் போகும். அவன் பாதி சொல்வதற்குள்ளாகவே அக்கா அவன் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, மேஜைமேல் கிடந்த காகிதத்தில் ஒரு சாய்தளம் வரைந்துவிட்டாள். ஒரு கோணத்தைக் குறித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மூணு வருஷமா பந்து இடது பக்கம் போனது என்னால இல்லையா?"

"இல்லீங்கக்கா. இந்த மட்டையெ நீங்க நேரா அடிச்சாத்தான் பந்து இடது பக்கம் போகும். வலது பக்கம் போயிருந்தா உங்க அடியில தப்பு."

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று நான் பார்ப்பதற்குள் மாட்டிக்கொண்டாள். அந்த நோட்டுப் புத்தகம் அவள் கைப்பையிலேயே இருந்தது. எல்லார் வைத்தியமும் அதில் இருந்தன. ஒருவராவது மட்டையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

அடுத்து, கோலின் வளைவு. கோல் எவ்வளவு விறைப்பு என்பதற்கு ஆங்கில எழுத்துக்களைப் பொறித்திருப்பார்கள். எக்ஸ் என்றால் மிக விறைப்பு. எஸ், ஆர் என்று இறங்கி, முதியவர்களுக்கு ஏ, கடைசியில் எல். எல் என்றால் லேடீஸ். பெண் என்றால் எல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதுதான் எங்கும் வழக்கம். பையன் அப்படிச் செய்யவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். அது ராடார். மட்டை எவ்வளவு வேகத்தில் வந்தது, பந்து எந்தக் கோணத்தில் கிளம்பிற்று, எவ்வளவு சுழன்றது, எங்கே போய் விழும் என்று ஒவ்வோர் அடிக்கும் திரையில் எண்கள் வந்தன. எல் கோலில் அக்காவின் பந்து அங்கும் இங்கும் சிதறிற்று. ஏ கோலில் ஒரே கூடைக்குள் போட்டதுபோல் விழுந்தது. மொட்டை மாடிப் பயிற்சி வீண்போகவில்லை! "எழுத்தைப் பாக்காதீங்கக்கா, எண்ணைப் பாருங்க" என்றான். கணித ஆசிரியையிடம் இதைச் சொன்னால் அவள் அவனைத் தத்தெடுத்துக்கொள்ளாமல் விட்டதே ஆச்சரியம்.

டிரைவரில் அவளுக்குச் சாய்வு அதிகம் வேண்டியிருந்தது. வேகம் குறைந்த அடிக்கு முகம் நன்றாக மேலே பார்த்தால்தான் பந்து காற்றில் தங்கும். அமெரிக்காவில் தொழிலாக ஆடும் ஆண்கள் மணிக்கு ஏறக்குறைய 115 மைல் வேகத்தில் டிரைவரை வீசுகிறார்கள். அங்கே தொழிலாக ஆடும் பெண்களின் வேகமே 95 மைலை ஒட்டித்தான். வீட்டு ஆண்களுடைய டிரைவரை வாங்கி ஆடுகிற பெண்களின் பந்து ஏன் தரையோடு தவழ்கிறது என்று இப்போது தெரிகிறதா? பலக் குறைவு மட்டும் காரணம் அல்ல.

பதினாலு மட்டைகளும் அவள் வாங்கவில்லை. "ஏழு போதும்" என்றாள். பிடியை மெல்லியதாக மாற்றி, நீளம் குறைத்து, படுகோணத்தை இரண்டு டிகிரி வளைத்துக் கொடுத்தார்கள். கையில் வந்த அன்று சாயங்காலமே எனக்குப் போட்டோ அனுப்பினாள். முகம் அதில் இல்லை. புல்லின்மேல் ஏழு மட்டைகளும் உயர வரிசையில் படுத்திருந்தன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. அத்தான் மறு வாரமே தாமும் அளவெடுத்துக்கொள்ளவேண்டும் என்று சொன்னதாகக் கேள்வி.

புட்டரை மட்டும் அக்கா மாற்றவில்லை. ஆனால் இந்த நாளில் மைதானங்களில் அதிகம் பேசப்படுவது புட்டரைப் பற்றித்தான். ஒருவிதத்தில் இது பெண்களுக்கே உரிய மட்டை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1867-இல் சீமாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். பெயரே 'புட்டிங் கிளப்'. கையைத் தோளுக்கு மேலே ஓங்குவது பெண்களுக்கு அழகல்ல என்று கருதிய காலம். ஆகையால் உருட்டிவிடுவதோடு திருப்தி அடையவேண்டியிருந்தது. மேடும் பள்ளமுமான அந்தப் புல்தரைக்கு அவர்கள் ஊரில் 'இமாலயம்' என்று பெயர். அதே ஊரில் உள்ள 'ராயல் அண்ட் ஏன்ஷன்ட்' சங்கம் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள 2014 வரைக்கும் ஆயிற்று! இமாலயத்தை ஏறிக் கடக்க நூற்று நாற்பத்தேழு வருஷம்.

புட்டரைப் பற்றி இன்னொரு கதை எனக்குப் பிடித்தமானது. கார்ஸ்டன் ஸோல்ஹைம் என்பவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இஞ்சினியர். புட்டிங் சரியாக வராததால், 1959-இல் தாமே ஒரு புட்டர் செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் போட்டது. கம்பெனிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1966-இல் அவர் செய்த புட்டருக்கு விடை என்ற பொருள்பட 'ஆன்ஸர்' என்று பெயர் வைக்க விரும்பினார். எழுத்துக்கள் மட்டையில் இடங்கொள்ளவில்லை. மனைவி லூயிஸ், "நடுவே டபிள்யூவை எடுத்துவிடுங்களேன், உச்சரிப்பு மாறாதே" என்று யோசனை சொன்னார். அந்த ஓர் எழுத்து குறைந்த பெயரோடுதான் அது உலகம் முழுவதும் போயிற்று. இன்று வரைக்கும் எத்தனையோ புட்டர்கள் அதன் சாயலில்தான் வருகின்றன. 1990-இல் தொடங்கி அமெரிக்கப் பெண்களும் ஐரோப்பியப் பெண்களும் மோதிக்கொள்ளும் கோப்பைக்கும் ஸோல்ஹைம் கோப்பை என்றுதான் பெயர்.

இப்போதைய புதுமைக்கு 'ஜீரோ டார்க்' என்கிறார்கள். சாம்பார்க் கரண்டியைக் காம்பில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பாருங்கள். ஒரு பக்கம் பாரமாக இருந்தால் அது தானாகப் புரளும். சாதாரணப் புட்டரும் அப்படியே. கோல் ஒரு பக்கத்தில் சொருகியிருக்கும், பாரம் வேறு பக்கத்தில் இருக்கும். வீசும்போது முகம் மெல்லத் திறந்து மூடும். அதை மணிக்கட்டு கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். பாரத்தின் நடுவுக்கு நேரே கோலைச் சொருகிவிட்டால் புரளவே புரளாது என்பது ஜீரோ டார்க் தத்துவம். எல்.ஏ.பி. என்ற சின்னக் கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டு நின்றது. பார்க்க என்னவோ இட்லித் தட்டுக்குக் காம்பு வைத்த மாதிரி இருக்கிறது என்று பலர் சிரித்தார்கள். 2025 ஜூனில் ஓக்மான்ட் மைதானத்தில், அமெரிக்க ஓபன் போட்டியின் கடைசிக் குழியில், ஜே.ஜே. ஸ்பான் அந்த இட்லித் தட்டால் 64 அடி தூரத்திலிருந்து உருட்டிய பந்து நேரே குழிக்குள் விழுந்து பட்டத்தைக் கொடுத்தது. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. ஒடிஸியும் டெய்லர்மேட்டும்கூட ஜீரோ டார்க் புட்டர்கள் செய்கின்றன.

பெங்களூர்க் கடையில் நானும் பத்துப் பந்து உருட்டிப் பார்த்தேன். கைக்கு வேலையே இல்லை என்ற உணர்ச்சி. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே நன்றாக உருட்டுகிறவர்கள் நானூறு டாலருக்கு மேல் கொடுத்து இதை வாங்கவேண்டிய அவசியம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அக்காவும் அதையேதான் சொன்னாள்.

புட்டரின் மகிமை தெரியவேண்டுமானால் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கை நினைத்துக்கொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட். தூரம் விரட்டுவதில் அவர் பின்வரிசை. புட்டரைக் கையில் எடுத்துவிட்டால் முன்வரிசை. நாலு நாள் ஆட்டத்துக்குப் பிறகு, ஒரே ஓர் அடியில் வெண்கலம் தவறி, நாலாவதாக வந்தார். அந்த நாலு நாளும் வெயிலில் அவருடைய பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்த கேடி யார் தெரியுமா? அவருடைய அம்மா.

மற்றச் சாமான்களைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். தூரம் காட்டும் கைக்கடிகாரம், லேஸர் கண்ணாடி, முள் இல்லாத ஷூ இவை யாவும் வசதிக்கானவை. வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோப்ரா கம்பெனி 2024-இல் அச்சடித்த அயர்ன்களைக் கொண்டுவந்தது; ஐந்நூறே ஸெட், ஸெட்டுக்கு மூவாயிரம் டாலர். எஃகை அச்சடிப்பதா என்று கேட்காதீர்கள். மாவு போன்ற எஃகுத் தூளை மெல்லிசாகத் தூவி, அதன்மேல் லேஸர் கதிரால் கோலம் போடுகிறார்கள். கோடு போன இடம் உருகி ஒட்டிக்கொள்ளும். மறுபடி தூவி, மறுபடி கோலம். இப்படி ஆயிரக் கணக்கில் கோலத்தின்மேல் கோலம் அடுக்கினால் ஒரு மட்டைத் தலை எழும்பிவிடுகிறது. உள்ளே தேன்கூடு மாதிரி வலைப்பின்னல். மிச்சமான எடையை வேண்டிய ஓரத்துக்குக் கொண்டுபோகலாம். அந்த விலைக்கு நம்மில் யாரும் வாங்கப்போவதில்லை. ஆனாலும் ஒருநாள் ஒவ்வொருவருடைய உயரத்துக்கும் கைக்கும் தனியாக மட்டை அச்சடித்துக் கொடுக்கும் வழி இதில் இருக்கிறது.

பந்து விஷயத்தில்தான் காற்று திரும்பி அடிக்கிறது. ஆதியில் தோலுக்குள் வாத்திறகை அடைத்துத் தைத்தார்கள். 1848-இல் மலேயாக் காட்டு மரத்துப் பாலான கட்டாபெர்ச்சாவில் வழவழப்பான பந்து வந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழம் பந்து புதுப் பந்தைவிட நன்றாகப் பறப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய பந்தின் குழிகள் அந்தக் கீறல்களின் பேரப்பிள்ளைகள். இப்போது பந்துகள் அளவுக்கு மீறிப் பறக்கின்றன, மைதானங்கள் போதவில்லை என்று, பந்தின் வேகத்தைக் குறைக்க இரு பெரிய சங்கங்களும் 2023 டிசம்பரில் முடிவு அறிவித்தன. 2030 முதல் நம்மைப் போன்றவர்களுக்கும் அது வரும் என்றார்கள். பலசாலிகளுக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து கஜம் குறையும். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு ஐந்து கஜமோ அதற்கும் குறைவோதான் என்பது அவர்கள் கணக்கு. அக்காவிடம் சொன்னேன். "அப்ப உங்க அத்தானுக்குத்தான் அதிகமாக் குறையும்" என்றாள். குரலில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வீட்டுக் கணக்கு. 2025-இல் வந்த புது டிரைவர்கள் அமெரிக்காவில் அறுநூறு டாலரை ஒட்டி விலை வைத்திருந்தன. ஜனவரியில் புதுசு வந்ததும் பழசின் விலை இறங்கிவிடும். சட்டத்தின் வேலி இரண்டுக்கும் ஒன்றேயாகையால், இரண்டு வருஷத்துப் பழைய மாடலுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் பெயின்டில்தான் அதிகம். மிச்சம் பிடிக்கும் பணத்தில் அளவெடுத்துக்கொள்ளும் கூலியைக் கட்டலாம். அக்கா வாங்கிய டிரைவரும் இரண்டு வருஷப் பழசுதான். ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறது. அதைக் காட்டி இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்துவிட்டுத்தான் பையில் போட்டுக்கொண்டாள்.